பழுப்பேறிய சீரம், ஆரஞ்சுத் தலையணை: வைட்டமின் சி பூசியவர்கள் உங்கள் கதையையும் சொல்லுங்கள்

வேளச்சேரிவாசி:
முதலில் என் கதை. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இரண்டு கன்னத்திலும் மங்கு விழுந்தது. தினமும் வேளச்சேரியிலிருந்து சிறுசேரி வரை ஸ்கூட்டியில் போய் வருகிறவள், கேட்கவா வேண்டும், வருஷத்துக்கு வருஷம் கறுத்துக்கொண்டே போனது. போன சித்திரையில் 15 சதவீதம் எல்-அஸ்கார்பிக் அமிலம் (வைட்டமின் சி-தான்) உள்ள சீரம் ஒன்று வாங்கினேன். தண்ணீர் மாதிரி தெளிவாக இருந்தது. விலையை நினைத்து ஒரு நாளைக்கு இரண்டே சொட்டு என்று ஆறு மாதம் இழுத்தேன் (வீட்டில் இதற்குக் கஞ்சத்தனம் என்று பெயர்). வைத்திருந்த இடம் குளியலறை ஜன்னல் திட்டு, காலை வெயில் நேராக விழும்.

மூன்றாம் மாதம் இளமஞ்சள். ஐந்தாம் மாதம் பால் விடாத டீ. நன்றாக ஊறி வீரியம் ஏறியிருக்கிறது என்று நானே முடிவு பண்ணிக்கொண்டேன், என்னவோ மாவடு போட்டு வைத்த மாதிரி. அப்புறம் பார்த்தால் தலையணை உறையில் ஆரஞ்சுத் திட்டு, விரல் நுனியில் மருதாணி அழிந்தது போல ஒரு கறை, "மஞ்சள் தேய்த்துக் குளித்தாயா?" என்று மாமியார் கேட்கிறார்.

பாட்டிலையே எடுத்துக்கொண்டு தோல் டாக்டரம்மாவிடம் போனேன். அவர் சொன்னது இதுதான்: வெயில் படும்போது தோலுக்குள் ஃப்ரீ ராடிக்கல்கள் உருவாகின்றன, அவற்றுக்கு ஒரு எலக்ட்ரான் குறைச்சல், அதனால் பக்கத்தில் இருக்கிற கொழுப்பு, கொலாஜன் (தோலைத் தாங்கும் புரதம்), டிஎன்ஏ என்று எது கிடைத்தாலும் அதிலிருந்து பிடுங்கப் பார்க்கும். வைட்டமின் சி தன்னிடம் இருப்பதைக் கொடுத்து அதை அடக்கிவிடுகிறது. ஆனால் அது ஆளைப் பார்த்துக் கொடுப்பதில்லை. காற்றும் வெளிச்சமும் சூடும் பட்டால் பாட்டிலுக்குள்ளேயே கொடுத்துத் தீர்த்துவிடும். "உங்கள் முகத்துக்கு வேலை செய்ய வேண்டியது உங்கள் ஜன்னலுக்கு வேலை செய்திருக்கிறது" என்றார். கறை எப்படி வந்தது என்றால், வைட்டமின் சி சிதையும்போது எரித்ருலோஸ் என்று ஒரு சர்க்கரை உண்டாகுமாம். வெளிநாட்டில் தோலைப் பழுப்பாக்கிக்கொள்ளப் பூசுகிற லோஷன்கள் சிலவற்றில் சேர்ப்பதும் அதைத்தான். ஆக, மங்கு போகவேண்டும் என்று காசு கொடுத்து வாங்கிப் பழுப்பேற்றிக்கொண்டிருக்கிறேன்! மேல்தோல் உதிர உதிரக் கறை தானாகப் போய்விட்டது, அது வரைக்கும் நிம்மதி.

சரி, உங்களுக்கு என்ன நடந்தது?

நெல்லைக்காரி:
அக்கா, நீங்களாவது சீரம் வாங்கினீர்கள். நான் மெடிக்கலில் கிடைக்கிற, சப்பிச் சாப்பிடும் ஆரஞ்சு மாத்திரையை இடித்துப் பன்னீரில் கலந்து பூசினேன், ஹாஸ்டலில் இருந்தபோது. பிசுபிசு என்று ஒட்டியது. அப்படியே தூங்கிவிட்டேன். விடியற்காலையில் கழுத்தில் எறும்பு. மாத்திரையில் பாதி சர்க்கரையும் கலரும்தான் என்று யாராவது முன்னாடியே சொல்லியிருக்கலாம்.

கடலோரத்தான்:
என் தங்கை செய்த வேலையைக் கேளுங்கள். எலுமிச்சையில் இல்லாத வைட்டமின் சி-யா என்று முகத்தில் சாறு பிழிந்து தேய்த்துக்கொண்டு, அரைகுறையாகக் கழுவிவிட்டு, மத்தியானம் திருச்செந்தூர்க் கடற்கரையில் நின்றாள். அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் நாள் தாடையோரம் எரிச்சல், கொப்புளம், பிறகு சாறு வழிந்த கோடு கோடாகவே கறுப்பு, போவதற்கு மாதக்கணக்கில் ஆனது. எலுமிச்சையில் சோரலென் வகைப் பொருள்கள் இருக்கின்றன, அவை வெயிலோடு சேர்ந்தால் தோலைச் சுடும் என்று பிறகுதான் தெரிந்தது. இன்னும் எத்தனை பேர் "இயற்கைதானே" என்று இதையே எழுதிக்கொண்டிருக்கிறார்களோ, பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பார்மசி படிச்சவன்:
வேளச்சேரி அக்கா, உங்கள் பாட்டிலில் ஃபெருலிக் அமிலம் இருந்ததா பாருங்கள். பெயரைக் கவனித்தீர்களா? ஃபெருலா என்றால் பெருங்காயச் செடி. 1866-ல் பெருங்காயப் பிசினிலிருந்துதான் இதை முதலில் பிரித்தெடுத்தார்கள். (யாரும் சாம்பார் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கண்ணாடி முன் நிற்க வேண்டாம்.) அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் தோல் மருத்துவர் ஷெல்டன் பின்னெல் குழு 2005-ல் வெளியிட்ட ஆய்வில், 15 சதவீதம் வைட்டமின் சி, 1 சதவீதம் வைட்டமின் ஈ கலவை வெயில் பாதிப்பிலிருந்து 4 மடங்கு பாதுகாப்பு தந்தது, அதில் அரை சதவீதம் ஃபெருலிக் சேர்த்ததும் 8 மடங்கு ஆனது, சி-யும் சீக்கிரம் கெடவில்லை. சோதித்தது பன்றித் தோலில் என்பதையும் சொல்லிவிடுகிறேன், விளம்பரத்தில் அதைச் சொல்ல மாட்டார்கள். சி-யும் ஈ-யும் ஜோடியாக வருவதற்குக் காரணம் உண்டு. ஈ கொழுப்பில் கரைகிற ஆள், செல்லைச் சுற்றியிருக்கிற சவ்வில் காவல் நிற்கும். அது எலக்ட்ரானை இழந்து ஓய்ந்ததும் சி தன்னுடையதைக் கொடுத்து எழுப்பிவிடும்.

இன்னொன்று, 30 சதவீதம் என்று போட்டிருந்தால் மயங்காதீர்கள். 20-க்கு மேல் போனால் தோல் கூடுதலாக உறிஞ்சுவதில்லை, எரிச்சல்தான் மிச்சம். எல்-அஸ்கார்பிக் உள்ளே இறங்க பிஹெச் 3.5-க்குக் கீழே, அதாவது நல்ல அமிலமாக இருக்க வேண்டும், சிலருக்குச் சுருக்கென்று குத்துவது அதனால்தான். எனக்கே ஒத்துக்கொள்ளாமல் நியாசினமைடுக்கு (வைட்டமின் பி3-யின் ஒரு வடிவம்) மாறிவிட்டேன்.

வேளச்சேரிவாசி:
தம்பி, பார்த்துவிட்டேன், ஃபெருலிக் இல்லை. இப்போது அது உள்ள சின்ன பாட்டில், கறுப்புக் கண்ணாடி, ஃப்ரிட்ஜில் தயிருக்குப் பின்னால் இருக்கிறது. திறந்த தேதியை மூடியில் எழுதி ஒட்டியிருக்கிறேன். மூன்று மாதத்தில் முடித்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா கண்டிப்பு. கூடவே, இது சன்ஸ்கிரீனுக்கு மாற்று இல்லை, அதைத் தாண்டி உள்ளே வருவதைச் சமாளிக்கத்தான் என்று சொல்லி, அயர்ன் ஆக்சைடு என்ற நிறமி கலந்த நிறமுள்ள சன்ஸ்கிரீன் எழுதிக் கொடுத்தார். நம் மாதிரி மாநிறத் தோலில் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும் கறுமையைக் கூட்டுமாம், அதை வெள்ளை சன்ஸ்கிரீன் அவ்வளவாகத் தடுக்காது. மங்கு பாதி குறைந்திருக்கிறது. சீரத்தாலா, சன்ஸ்கிரீனாலா, துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொண்டு ஓட்டுவதாலா என்று கேட்காதீர்கள், மூன்றையும் ஒரே வாரத்தில்தான் ஆரம்பித்தேன்.

பழைய பாட்டிலைத் தூக்கிப்போட அம்மா விடவில்லை. அவ்வளவு விலையா என்று முழங்கையில் தேய்த்துக்கொண்டிருக்கிறார். முழங்கை ஆரஞ்சு.