தாத்தா கார் என்ன கார்?

குழு: பெரிய வீடு, பாளையங்கோட்டை

செல்வி அக்கா: (படம்)

செல்வி அக்கா: பெரியப்பா சதாபிஷேக ஆல்பத்தில் முதல் பக்கம் இந்தப் படம்தான். கீழே என்ன வரி போட வேண்டும் என்று பிரஸ்காரர் மாலை 6 மணிக்குள் கேட்கிறார். தாத்தா வைத்திருந்தது என்ன கார்? பெரியப்பாவிடம் மட்டும் யாரும் கேட்டுவிடாதீர்கள், அவருக்கு ஆல்பம் விஷயமே தெரியாது.

மதுரைச் சித்தப்பா: ஆஸ்டின்

தூத்துக்குடி மதினி: குற்றாலமா இது?

செல்வி அக்கா: ஆமாம் மதினி. மட்கார்டு மேல் உட்கார்ந்திருப்பது பெரியப்பா, பத்து வயது. அப்படியென்றால் 1955.

தூத்துக்குடி மதினி: ஆச்சி கட்டியிருக்கிற சேலையைப் பாருங்கள். என்ன கரை!

மதுரைச் சித்தப்பா: ஆஸ்டின் ஏ40. எங்கள் அப்பா கார் எனக்குத் தெரியாதா

செல்வி அக்கா: சித்தப்பா, ஆச்சி இடுப்பில் இருக்கிற குழந்தை நீங்கள்தான்

தூத்துக்குடி மதினி: 😂😂

பெங்களூரு அண்ணன்: சித்தப்பா, அந்தக் காலத்தில் ஊரெல்லாம் ஆஸ்டின்தான், ஒத்துக்கொள்கிறேன். 1949-லிருந்து எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் ஏ40-ஐப் பூட்டி விற்றார்கள், அதுதான் பின்னால் அசோக் லேலண்டு ஆனது. ஆனால் இது ஆஸ்டின் இல்லை. படத்தைப் பெரிதாக்கிக் கதவையும் பின்பக்கச் சரிவையும் பாருங்கள். அப்படியே மோரிஸ் ஆக்ஸ்போர்டு. இங்கிலாந்தில் 1948-ல் வந்த வண்டி, நம் ஊரில் இந்துஸ்தான் 14 என்று ஓடியது. அம்பாசிடருக்குத் தாத்தா முறை. இடிப்பது முகம் மட்டும்தான். ஆக்ஸ்போர்டில் கிரில், அதாவது முன்பக்கக் கம்பித் தடுப்பு, தாழ்வாக, படுக்கைக் கம்பியாக இருக்கும். இதில் நடுவில் உயரமாக, நெட்டுக் கம்பியாக நிற்கிறது. உடம்பு ஒரு கார், முகம் இன்னொரு கார். பெயர்ப்பட்டை இருக்கிற இடத்தில் பெரியப்பாவின் கால் தொங்குகிறது.

தூத்துக்குடி மதினி: சுருக்கமாகச் சொல்லுங்கள் கொழுந்தனாரே, அடுப்பில் பால் இருக்கிறது

மதுரைச் சித்தப்பா: நம்பர் பிளேட்?

செல்வி அக்கா: முன்னால் கூஜா வைத்திருக்கிறார்கள். தெரியவில்லை.

தூத்துக்குடி மதினி: அல்வா 10 கிலோ போதுமா? கடையில் இன்று சொன்னால்தான் உண்டு

செல்வி அக்கா: 15 சொல்லுங்கள். திருக்கடையூருக்கே 60 பேர் வருகிறார்கள்.

மதுரைச் சித்தப்பா: 60 பேருக்கு எதற்கு 15. கையில் கொஞ்சமாக மடித்துக் கொடுத்தால் போதும்

பாளை அத்தை: பேத்தி மீரா பேசுகிறேன். உங்களுக்கு அத்தை, எனக்கு ஆச்சி. ஆச்சிக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். காரின் பெயர் ஆச்சிக்கு ஞாபகம் இல்லை. ஆனால் ராத்திரி வரும்போது இரண்டு பெரிய விளக்கு போக நடு நெற்றியில் சின்னதாக ஒன்று எரியுமாம். மஞ்சளாக, பொட்டு வைத்த மாதிரி. தெருமுனை திரும்பும்போதே அப்பா வந்தாச்சு என்று தெரிந்துவிடுமாம். பிள்ளைகள் எல்லாரும் பொட்டுக்கார் என்றுதான் சொல்வார்களாம்.

பெங்களூரு அண்ணன்: அத்தை!!!

பெங்களூரு அண்ணன்: வுல்ஸ்லி!! சந்தேகமே இல்லை. கிரில் உச்சியில் முட்டை வடிவத்தில் பெயர்ப்பட்டை, அதற்குள்ளே பல்பு. விளக்குப் போட்டால் பெயர் தானாக ஒளிரும். அது வுல்ஸ்லிக்கே உள்ள அடையாளம், 1930-களில் தொடங்கி 1975-ல் அந்தப் பெயர் மூடப்படும் வரை வைத்திருந்தார்கள். உடம்பு ஏன் மோரிஸ் என்பதும் இப்போது புரிகிறது. 1927-லேயே வுல்ஸ்லியை மோரிஸ் கம்பெனி முதலாளி வாங்கிவிட்டார். சித்தப்பா, உங்களுக்கும் ஒரு பங்கு உண்டு: வுல்ஸ்லியின் முதல் கார்களைச் செய்தவரே ஹெர்பர்ட் ஆஸ்டின்தான். 1905-ல் வெளியே வந்துதான் தன் பெயரில் கம்பெனி தொடங்கினார். கார் செய்வதற்கு முன் வுல்ஸ்லி கம்பெனி ஆட்டு ரோமம் கத்தரிக்கும் இயந்திரம் செய்துகொண்டிருந்தது.

மதுரைச் சித்தப்பா: அப்போ ஆஸ்டின் சரிதான்

செல்வி அக்கா: அண்ணா, வரி மட்டும் சொல். வுல்ஸ்லி என்று போடட்டுமா?

பெங்களூரு அண்ணன்: பொறு. அதில் இரண்டு உண்டு, 4/50, 6/80. இரண்டும் 1948-ல் வந்தவை. முதல் எண் எத்தனை சிலிண்டர் என்பது. பின்பாதி ஒன்றேதான், 6/80-க்கு பானெட் நீளம். இங்கிலாந்துப் போலீஸ் வைத்திருந்தது அதைத்தான். 4/50 மொத்தமே 9000-க்கும் குறைவாகத்தான் செய்தார்கள். முன் சக்கரத்துக்கும் கதவுக்கும் நடுவில் எவ்வளவு இடம் என்று பார்த்தால் சொல்லிவிடலாம். சரியாக அங்கே தாத்தா நிற்கிறார்.

தூத்துக்குடி மதினி: பால் பொங்கிவிட்டது

பாளை அத்தை: ஆச்சி சொல்கிறாள்: ஞாயிற்றுக்கிழமை டிரைவர் பிளக்கை எல்லாம் கழற்றித் திண்ணையில் பேப்பர் விரித்து வரிசையாக வைப்பார். நானும் அண்ணனும் ஆளுக்கு மூன்று எடுத்து மண்ணெண்ணெயில் துடைப்போம். என் மூன்று எப்போதும் அவனுடையதைவிடச் சுத்தமாக இருக்கும்.

பெங்களூரு அண்ணன்: ஆளுக்கு மூன்று என்றால் ஆறு பிளக், ஆறு சிலிண்டர். 6/80. முடிந்தது அத்தை, நீங்கள் போதும்.

செல்வி அக்கா: 👏👏 அத்தை

மதுரைச் சித்தப்பா: சரி. நல்ல காராகத்தான் இருந்திருக்கும். அக்கா கல்யாணத்துக்கு விற்காமல் இருந்தால் இன்றைக்கு என்ன விலை போகும்

செல்வி அக்கா: சித்தப்பா வேண்டாம்

தூத்துக்குடி மதினி: 15 கிலோ சொல்லிவிட்டேன்

பாளை அத்தை: ஆச்சி இதை அப்படியே எழுதச் சொன்னாள். என் கல்யாணம் 1968 ஆவணி. அதற்கு இரண்டு வருஷம் முன்பே கார் தொழுவத்தில் செங்கல் மேல் ஏறிவிட்டது. சீட்டில் கோழி முட்டை வைத்துக்கொண்டிருந்தது. என்னை யாரும் பெண் பார்க்கவே வரவில்லை அப்போது. இந்தப் பேச்சை 50 வருஷத்துக்கு மேல் கேட்கிறேன்.

பெங்களூரு அண்ணன்: அத்தை, கார் ஏன் நின்றது? புகை, சத்தம் ஏதாவது ஞாபகம் இருக்கிறதா?

பாளை அத்தை: மேடு ஏறாது. நாங்கள் இறங்கித் தள்ளுவோம். ஏதோ கருகிப்போய்விட்டது, சாமான் கிடைக்கவில்லை என்று டிரைவர் மெட்ராஸ் வரைக்கும் போய்விட்டு வெறும் கையோடு வந்தார்.

பெங்களூரு அண்ணன்: எக்ஸாஸ்ட் வால்வு, எஞ்சினில் புகையை வெளியே விடுகிற வால்வு. 6/80-க்கே பேர்போன வியாதி அது, வால்வு கருகி இழுவை போய்விடும். இந்துஸ்தான் 14 சாமான் மலிவாகக் கிடைத்தாலும் இதற்குச் சேராது. அதில் வால்வு சிலிண்டருக்குப் பக்கத்தில், இதில் வால்வைத் திறக்கிற கேம் ஷாஃப்ட் தலைக்கு மேல். கதவும் கண்ணாடியும் வேண்டுமானால் பொருந்தியிருக்கும். இறக்குமதிக்கும் அப்போது அத்தனை கட்டுப்பாடு. சித்தப்பா, ஓடாத காரைத்தான் தாத்தா கொடுத்திருக்கிறார். கல்யாணச் செலவுக்கு அதில் என்ன வந்திருக்கும்?

மதுரைச் சித்தப்பா: அப்பா அப்படித்தான் சொல்லுவார்

பாளை அத்தை: உன்னிடம் சொன்னார். என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

செல்வி அக்கா: மணி 5:40. ‘குற்றாலம், 1955. தாத்தாவின் வுல்ஸ்லி 6/80’. சரியா?

தூத்துக்குடி மதினி: சரி

பெங்களூரு அண்ணன்: சரி. அடுத்த வரியில் நெற்றி விளக்கு பற்றியும் போடேன்

பாளை அத்தை: பொட்டுக்கார் என்று போடு. அண்ணனுக்கு அதுதான் புரியும்.

மதுரைச் சித்தப்பா: வெறுமனே தாத்தா கார் என்று போட்டால் என்ன

செல்வி அக்கா: பிரஸ்காரரிடம் 7 மணி வரை கேட்டிருக்கிறேன். யாராவது ஒன்று முடிவு செய்யுங்கள்.

மதுரைச் சித்தப்பா: மீரா, அக்காவிடம் போனைக் கொடு. இரண்டு தடவை அடித்துவிட்டேன்

பாளை அத்தை: ஆச்சி எடுக்க மாட்டேன் என்கிறாள் தாத்தா

பாளை அத்தை: இன்னொரு தடவை அடியுங்கள்