மதிலோரம் ஹாதார்ன் வைக்கலாமா? ஜோகன்னஸ்பர்க்குக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஜோகன்னஸ்பர்க்கின் மிட்ராண்டில் வீடு எடுத்திருக்கும் தம்பி, மதிலோரம் ஹாதார்ன் (hawthorn) என்னும் வேலிப் புதர் சரிப்படுமா என்று கேட்டிருந்தார். நன்றாகச் சரிப்படும். ஆனால் எந்த ஹாதார்ன் என்பதை நர்சரிக்குப் போகும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

இங்கே பழைய வீடுகளின் மதிலோரம் ஆரஞ்சு நிறக் காய்கள் கொத்துக் கொத்தாய்த் தொங்கும் முட்புதர் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். நம்மவர்கள் பலர் அதைத்தான் ஹாதார்ன் என்று நினைக்கிறார்கள். அது ஃபயர்தார்ன், அதாவது பைராகாந்தா. அதில் குறுகிய இலை உள்ள வகை தென்னாப்பிரிக்காவின் ஆக்கிரமிப்புத் தாவரப் பட்டியலில் 1பி பிரிவில் இருக்கிறது. விற்கவோ நடவோ கூடாது; தோட்டத்தில் இருந்தால் கட்டுப்படுத்தியாக வேண்டும். வீடு வாங்கப் போகிறவர்கள் இதையும் கவனியுங்கள்: பட்டியலில் உள்ள செடி இருந்தால், ஒப்பந்தம் போடும் முன்பே விற்பவர் அதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று விதிகள் சொல்கின்றன. ஏஜெண்டிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நான் பரிந்துரைப்பது இந்தியன் ஹாதார்ன். தாவரவியலில் ராஃபியோலெபிஸ் இண்டிகா. பெயரில்தான் இந்தியா, தென்சீனப் பக்கத்துச் செடி. முள்ளும் கிடையாது, சின்னப் பிள்ளைகள் ஓடியாடும் வீட்டுக்கு அதுவே பெரிய நிம்மதி. 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் இதை ஹாதார்ன் பேரினத்தோடு சேர்த்துப் பெயர் வைத்தார். 1820இல் லிண்ட்லி என்ற தாவரவியலாளர் தனிப் பேரினமாகப் பிரித்த பிறகும் பழைய பெயர் போகவில்லை. பெரும்பாலும் இடுப்பு, மார்பு உயரத்தோடு நின்றுகொள்ளும். எப்போதும் பச்சையாக இருக்கும், வசந்தத்தில் வெள்ளையோ இளஞ்சிவப்போ பூக்கும். ஊரிலிருந்து வந்த கறிவேப்பிலைக் கன்று ஜூலைப் பனியில் கருகுவதைப் பார்த்து மனம் நொந்தவர்களுக்குச் சொல்கிறேன், இந்தச் செடி அந்தப் பனியைத் தாங்கிவிடும்.

நல்ல வெயில் படும் இடமாகப் பாருங்கள். வேர்ப்பந்தை (மண்ணோடு சேர்ந்த வேர்த் திரளை) போல இரண்டு மடங்கு அகலத்துக்குக் குழி போதும். தொட்டியில் இருந்த மட்டத்தைவிட ஆழமாகப் புதைக்காதீர்கள். வேலியாக வேண்டுமென்றால் செடிக்குச் செடி ஒரு மீட்டர் விடுங்கள்.

அப்புறம் கத்தரிப்பு. இதில்தான் நான் ஒரு வருடப் பூவை இழந்தேன். வந்த புதிதில், இணையத்தில் யாரோ பூமியின் வட பாதியில் உட்கார்ந்து எழுதிய மாதக் கணக்கை அப்படியே பின்பற்றி, ஜூலையில் வெட்டிவிட்டேன். இங்கே ஜூலை நடுக்குளிர்காலம். இந்தச் செடி போன பருவத்தில் வளர்ந்த கிளையில்தான் பூக்கும். மொட்டு வைக்கப்போகும் நுனிகளையே வெட்டிவிட்டதால் செப்டம்பரில் வெறும் இலைதான். ஒவ்வொரு வருடமும் பூ உதிர்ந்த உடனே வெட்டுங்கள், தள்ளிப்போடாதீர்கள். வாடிய பூங்கொத்துகளையும் அப்போதே எடுத்துவிட்டால் கருநீலக் காய்கள் பிடிக்காது. பறவைகள் விதையை வெளியே கொண்டுபோகாமல் இருக்க இது உதவும். புல்வெளியோ ஓடையோ பக்கத்தில் உள்ளவர்கள் தயவுசெய்து இதைச் செய்யுங்கள்.

முதல் வருடம் வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை வேர் வரை நனைய ஊற்றுங்கள். வேர் பிடித்த பின் வறட்சியைத் தாங்கும். ஜோகன்னஸ்பர்க் மாநகராட்சி எல்லையில் செப்டம்பர் 1 முதல் மார்ச் 31 வரை காலை 6 மணியிலிருந்து மாலை 6 மணி வரை தோட்டத்துக்குத் தண்ணீர் விடக் கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள். நான் விடியும் முன்பே ஊற்றிவிடுவேன். மாலையில் தெளித்தால் இலை இரவெல்லாம் ஈரமாகவே இருக்கும். இந்தச் செடிக்கு வரும் முக்கியமான நோய் இலைப்புள்ளி: சிவப்பு வட்டங்கள் தோன்றி, நடுவில் சாம்பல் நிறமாகி, இலை உதிரும். அது பூஞ்சை, ஈரமான இலையில்தான் பரவும். எனவே ஸ்பிரிங்க்ளர் வேண்டாம், அடியில் ஊற்றுங்கள். விழுந்த இலைகளைப் பொறுக்கிக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் போடாதீர்கள். கடலோர டர்பன் உறவுகளே, உங்கள் புழுக்கமான கோடையில் இந்த நோய் இன்னும் அதிகம். செடிகளை நெருக்கி வைக்காதீர்கள், காற்று உள்ளே போகட்டும். உப்புக் காற்றை மட்டும் இந்தச் செடி நன்றாகத் தாங்கும்.

தம்பி, நீங்கள் காம்ப்ளெக்ஸில் இருப்பதால் நிர்வாகக் குழுவிடம் அனுமதித்த செடிகளின் பட்டியல் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். வசந்தத் தொடக்கத்தில் நட்டால், அக்டோபர் மழை வந்ததும் வேர் பிடித்துக்கொள்ளும். இலையில் புள்ளி கண்டால் படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.