டாட்சன் 240-இசட்: தெர்மோஸ்டாட் 76.5-ஆ, 82-ஆ?

இசட்_கராஜ்:
வணக்கம். 1972 மாடல் 240-இசட், எல்24 இன்ஜின், இரட்டை எஸ்யு கார்புரேட்டர். கார் ஓடுவது அரிசோனாவில், கோடையில் 40 டிகிரிக்கு மேல் போகும் ஊர். சிக்னலில் நின்றால் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது, நெடுஞ்சாலைக்குப் போனதும் இறங்கிவிடுகிறது. இப்போது இருப்பது 82 டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடானதும் தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு). 76.5 போட்டால் சரியாகுமா? தெர்மோஸ்டாட்டையே கழற்றிவிடச் சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

நேர்வரிசை6:
கழற்றவே கழற்றாதீர்கள். தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் நெடுஞ்சாலையில் சூடேறாமலே ஓடும். எண்ணெயில் சேரும் ஈரம் ஆவியாகாது, சிலிண்டர் சுவர் சீக்கிரம் தேயும். இன்னொன்று, வால்வு தரும் தடையால்தான் பிளாக்குக்குள் தண்ணீர் அழுத்தத்தோடு நிற்கிறது. அந்தத் தடை போனால் சிலிண்டர் ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றி அங்கங்கே கொதிக்கத் தொடங்கும்.

76.5-ம் உங்கள் பிரச்சினையைத் தீர்க்காது. இன்ஜின் எந்தச் சூட்டுக்குக் கீழே போகக் கூடாது என்பதைத்தான் தெர்மோஸ்டாட் முடிவு செய்கிறது. 82 டிகிரி வால்வு 95-இல் 8 மில்லிமீட்டர் வரை முழுதாகத் திறந்துவிடும். அதற்கு மேல் முள் ஏறினால், வெப்பத்தை வெளியேற்ற வேண்டியது ரேடியேட்டரும் காற்றும்தான். நின்றால் ஏறி ஓடினால் இறங்குவது காற்றோட்டக் குறை. சூடான இன்ஜினை அணைத்துவிட்டு ஃபேனைக் கையால் சுற்றிப் பாருங்கள். தடையே இல்லாமல் பல சுற்று ஓடினால் ஃபேன் கிளட்ச்சின் (ஃபேனை இன்ஜினோடு பிணைக்கும் இணைப்பு) சிலிகோன் எண்ணெய் போய்விட்டது. ஃபேன் ஷ்ரவுட் (ஃபேனைச் சுற்றிக் காற்றை ரேடியேட்டர் வழியாக இழுக்க வைக்கும் கூடு) இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சூடுகணக்கு:
ஒரு திருத்தம். வெப்ப நாடுகளுக்கு 76.5, குளிர் நாடுகளுக்கு 88, மற்ற இடங்களுக்கு 82 என்று டாட்சனே பிரித்துக் கொடுத்தது. எனவே அரிசோனா கோடைக்கு 76.5 தவறான தேர்வு அல்ல. ஏறத் தொடங்கும் புள்ளி கொஞ்சம் கீழே இருக்கும், சிக்னலில் சில நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் ஃபேனைச் சரிசெய்த பிறகே அதை யோசியுங்கள். குளிர்காலத்திலும் ஓட்டுவதாக இருந்தால் என் ஓட்டு 82-க்குத்தான்.

முள்ளை மட்டும் நம்ப வேண்டாம், இந்த வயதுக் காரில் முள்ளுக்குச் சூட்டைச் சொல்லும் சென்டர் (sender) என்ற உணரியும் எர்த் இணைப்பும் பொய் சொல்லும். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் தெர்மோஸ்டாட் ஹவுசிங்கை (அது உட்காரும் அலுமினிய உறை) அளந்து ஒப்பிடுங்கள். பளபளப்பான அலுமினியத்தில் அது குறைத்துக் காட்டும், ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டி அதன் மேல் அளக்கவும்.

இசட்_கராஜ்:
ஃபேன் தடையில்லாமல் சுற்றுகிறது! கிளட்ச் மாற்றுகிறேன். கையோடு புது 82-ம் போட்டுவிடலாம் என்று இருக்கிறேன். கவனிக்க வேண்டியது என்ன?

நேர்வரிசை6:
புதியதையும் சோதித்த பிறகே போடுங்கள். வால்வுக்கும் அது மூடி உட்காரும் விளிம்புக்கும் நடுவே ஒரு நூலைக் கவ்வக் கொடுத்து, அந்த நூலிலேயே தெர்மோஸ்டாட்டைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் தொங்கவிடுங்கள். அடியைத் தொடக்கூடாது. மெதுவாகச் சூடாக்கி, நூல் நழுவி அது கீழே விழும்போது தெர்மாமீட்டரைப் பாருங்கள். 82-க்கு ஓரிரு டிகிரி முன்பின் இருந்தால் நல்லது.

கழற்றும்போதுதான் பெரிய ஆபத்து. அலுமினிய ஹவுசிங்கில் ஸ்டீல் போல்ட் அரித்துப் பிடித்திருக்கும், வலுவாகத் திருகினால் தலை முறிந்துவிடும். முந்தைய நாளே பெனட்ரேட்டிங் ஆயில் விடுங்கள். ஹீட் கன்னால் ஹவுசிங்கைச் சூடாக்கி, கால் திருகு இறுக்கி, கால் திருகு தளர்த்தி, பொறுமையாக எடுங்கள்.

பூட்டும்போது ஸ்பிரிங்கும் மெழுகுக் குமிழும் இன்ஜின் பக்கம். விளிம்பில் ஆடும் சின்ன ஜிகில் பின் மேலே இருக்கட்டும், சிக்கிய காற்று அதன் வழியாகத்தான் போகும். அது இல்லாத மாடலை வாங்காதீர்கள். பழைய கேஸ்கெட்டைச் சுத்தமாகச் சுரண்டிவிட்டுப் புதியதைப் போடுங்கள், போல்ட்டில் ஆன்டி-சீஸ் (அரித்துப் பிடிக்காமல் தடுக்கும் பசை) தடவுங்கள்.

சூடுகணக்கு:
கூலன்ட் நிரப்பும்போது காரின் மூக்கு உயரமாக இருக்கட்டும், ஹீட்டர் ஹாட்டில் இருக்கட்டும். ரேடியேட்டர் மூடி திறந்தபடியே இன்ஜினை ஓடவிட்டு, மேல் ஹோஸ் சட்டென்று சூடாகும்வரை பொறுங்கள். மட்டம் இறங்கும், ஊற்றிக்கொண்டே வாருங்கள். ரேடியேட்டர் மூடி சதுர சென்டிமீட்டருக்கு 0.9 கிலோ அழுத்தம் தாங்கட்டும். அந்த மூடியும் தண்ணீரும் கிளைக்காலும் (glycol, கூலன்ட் திரவம்) சரிபாதி சேர்ந்த கலவையும் இருந்தால் 125 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் அந்தக் கணக்கு பொருந்தாது.