மாமாவிடம் என் பிளஃப் ஏன் பலிக்கவில்லை?

புளியங்கொட்டை:
ஞாயிறு மதியம் வீட்டில் ஐந்து பேர் டெக்சாஸ் ஹோல்டெம் போக்கர் ஆடுகிறோம் (கையில் இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து). காசு கிடையாது, சிப்புக்குப் புளியங்கொட்டை. போன வாரம் என் கையில் ஆர்ட்டின் 7, 6. ஃபிளாப்பில் (முதல் மூன்று பொதுச் சீட்டு) ஆர்ட்டின் ஏஸ், ஆர்ட்டின் 10, கிளாவர் 4. மாமா கட்டக் கட்ட நானும் கால் செய்தேன், அதாவது அதே அளவு வைத்தேன். டர்னில் (நான்காவது சீட்டு) ஸ்பேட் ராணி, ரிவரில் (ஐந்தாவது, கடைசி) ஸ்பேட் 2. ஃபிளஷ் (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) அமையவில்லை. மாமா எதுவும் கட்டாமல் செக் சொன்னார். நடுவில் 240 கொட்டை கிடந்தது, கையில் ஒன்றுமில்லாமலே பயமுறுத்த (அதுதான் பிளஃப்) நான் 40 வைத்தேன். ஒரு நொடிகூட யோசிக்காமல் கால் செய்து, ஜோடிப் பத்தைக் காட்டினார். என் முகம் காட்டிக்கொடுத்துவிட்டதா?

பழைய கட்டு:
முகத்தை விடுங்கள். 40 போட்டால் 280 வரும் என்றால் யார்தான் விடுவார்? எட்டு தடவையில் ஒரு தடவை நீங்கள் ஏமாற்றினாலே அவருக்கு நஷ்டமில்லை. 160, 180 வைத்திருந்தால் கொஞ்சமாவது தலையைச் சொறிந்திருப்பார்.

அப்புறம், கதை பொருந்தவில்லை. இரண்டு சுற்று வெறும் கால், கடைசியில் திடீர் வீரம். அந்த 2 உங்களுக்கு என்ன செய்துவிட்டது? 2003 உலகப் போக்கர் தொடரின் இறுதி மேசையில் கிறிஸ் மணிமேக்கர் என்ற ஆட்டக்காரரிடமும் உங்களைப் போல அமையாத ஃபிளஷ்தான். ஆனால் அவர் டர்னிலேயே ரெய்ஸ் செய்துவிட்டார், அதாவது எதிராளி கட்டியதற்கு மேல் கூட்டினார். ரிவரில் ஆல்-இன், இருந்ததெல்லாம் உள்ளே. எதிரே ஆடிய ஃபார்ஹாவிடம் ஜோடி ஒன்பது. ஃபிளஷ் தவறிவிட்டதோ என்று வாய்விட்டே கேட்டார், சரியாகத்தான் கணித்தார். இருந்தும் சீட்டைக் கீழே வைத்துவிட்டார். டர்னில் ரெய்ஸ் செய்தால் இன்னொரு வசதி: அங்கேயே பயந்து போனால் சரி, போகாவிட்டாலும் ஒன்பது ஆர்ட்டின் பாக்கி இருக்கிறது, ஐந்தில் ஒரு வாய்ப்பு.

கிளாவர் ஜாக்கி:
இன்னொன்று. உங்கள் கையிலேயே இரண்டு ஆர்ட்டின். அப்படியானால் மாமா ஆர்ட்டினைத் துரத்தித் தோற்றிருக்க வாய்ப்பு குறைவு. ஃபோல்ட் செய்யக்கூடிய (சீட்டைக் கீழே வைத்துவிட்டு விலகக்கூடிய) கையே அவரிடம் குறைவு என்று அர்த்தம். அது சரி, மாமா எப்போதாவது ஃபோல்ட் செய்ததுண்டா?

புளியங்கொட்டை:
யோசித்துப் பார்த்தால், இல்லை! "உன் சீட்டைப் பார்க்காவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது" என்பார்.

பழைய கட்டு:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே ஐயா. அவரிடம் பிளஃபே வேண்டாம். நல்ல கை வரும்போது பெரிதாக வையுங்கள், அவரே கொடுப்பார்.

புளியங்கொட்டை:
இன்று மூன்று ராஜா வந்தது, 200 வைத்தேன். கொடுத்தார். பிளஃப் என்று நினைத்தாராம்.