சொந்தமாக வைத்த ஈசியூவில் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) ஸ்கேனர் மாட்டியவர்களின் அனுபவங்கள், அவரவர் சேலத்துப் பகுதிப் பெயரில்

அஸ்தம்பட்டி:
மாருதி 800. கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு ஸ்பீடுயினோ என்ற, நாமே கட்டிக்கொள்ளும் ஈசியூ வைத்த வண்டி. அதில் இருப்பது டீன்சி என்ற சிறு கணினிப் பலகை என்பதால் கேன் உண்டு, அதாவது வண்டியின் கணினிகள் பேசிக்கொள்ளும் இரட்டைக் கம்பி. இஎல்எம் 327 என்ற ஸ்கேனரை மாட்டிக் கைபேசியில் பார்ப்பேன். பெட்ரோல் கணக்கு த்ராட்டில் (காற்று நுழையும் வால்வு) திறப்பை வைத்துத்தான். ஏற்காடு அடிவாரத்தில் ஈசியூ காட்டிய வெளிக்காற்றழுத்தம் 97 கிலோ பாஸ்கல். பதினெட்டாவது கொண்டை ஊசி வளைவிலும் அதே 97! மேலே காற்று மெலிந்தும் பெட்ரோல் குறையாததால் பின்னால் ஒரே கரும்புகை. "அண்ணா, ஓரமாக நிறுத்துங்கள்" என்று தம்பி கத்தினான். சாவியை அணைத்துத் திரும்பப் போட்டேன். 87. புகை நின்றுவிட்டது. தனி சென்சார் இல்லாவிட்டால் சாவி போடும்போது எடுத்த அழுத்தத்தையே ஈசியூ கடைசிவரை வைத்துக்கொள்கிறது. அந்த எண் மாறிய நொடி இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

குகை:
இதற்கு ஸ்கேனர் எதற்கு? காற்றழுத்தத்துக்கென்று தனி சென்சார் வைத்திருந்தால் புகையே வந்திருக்காது. என் ஈசியூ ரஸ்எஃபி, அதுவும் நாமே வைத்துக்கொள்ளும் வகை. ஸ்கேனர் மாட்டினால் இணைப்பே கிடைக்கவில்லை. மென்பொருள் கோளாறு என்றே எல்லோரும் சொன்னார்கள். மின்சாரத்தைத் துண்டித்து, ஸ்கேனர் மாட்டும் 16 முனை சாக்கெட்டில் கேன் கம்பிகளுக்கான 6க்கும் 14க்கும் இடையே மீட்டர் வைத்தேன். 120 ஓம். கம்பியின் இரு முனையிலும் 120 ஓம் இருந்தால் அறுபது காட்ட வேண்டும்! கம்பியின் மறுமுனையில் இன்னொரு 120 ஓம் மின்தடையைப் பற்றவைத்ததும் ஆர்பிஎம் முள் எழுந்தது. பட்டறையில் இருந்த அத்தனை பேரும் கைதட்டினார்கள்.

செவ்வாய்ப்பேட்டை:
எனக்கு நடந்தது சிறிய விஷயம். ஒரு சிலிண்டர் வேலை செய்யாமல் வண்டி உதறுகிறது. மெக்கானிக் ஸ்கேனரைப் பார்த்துவிட்டு "கோளாறு எதுவும் இல்லை, எடுத்துப் போங்கள்" என்கிறார். இன்ஜெக்டர் கம்பி அறுந்து தொங்கியது.
யாரும் கேட்கவில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். கோளாறு எண் வர வேண்டுமென்றால் ஈசியூ அதைக் கண்டுபிடித்துப் பதிவு செய்ய வேண்டும். நாம் வைக்கும் பலகைகள் பலவும் ஆர்பிஎம், வெப்பநிலை போன்ற நேரடி அளவுகளை மட்டுமே தருகின்றன. திரை காலியாக இருப்பதை நம்பி மலையேறாதீர்கள். அடுத்து, நிறுவன ஈசியூ இருக்கும் வண்டியில் அதே கேன் கம்பியில் நம்முடையதையும் சேர்க்காதீர்கள். ஸ்கேனரின் பொதுக் கேள்வி 7டிஎஃப் என்ற முகவரியில் போகிறது. இரண்டு ஈசியூவும் 7ஈ8 என்றே பதில் சொன்னால் மோதிக்கொள்ளும். ஏபிஎஸ் பிரேக் பேசுவதும் அதே கம்பியில் என்றால் விளையாட்டல்ல. இன்னொன்று: 16ஆம் முனையில் சாவி அணைத்த பிறகும் பேட்டரி மின்சாரம் இருக்கும். இரவில் ஸ்கேனரைக் கழற்றிவிடுங்கள்.

அஸ்தம்பட்டி:
குகை நண்பரே, சென்சார் வாங்குகிறேன். ஆனால் ஸ்கேனர் இல்லையென்றால் 97இல் நின்றது எனக்கு எப்படித் தெரிந்திருக்கும்? ஏறும்போதாவது புகை காட்டிக்கொடுத்தது. ஏற்காட்டில் சாவி போட்டு, குப்பனூர் வழியாக நிறுத்தாமல் இறங்கினால் எஞ்சினுக்குக் கிடைக்கும் பெட்ரோல் தேவையைவிடக் குறைந்தல்லவா போகும்? அப்படி இறங்கியவர்கள் இருந்தால், எஞ்சின் தட்டியதா என்று சொல்லுங்கள்.