9-ஆ, 10-ஆ? விரால் சூப்பைக் கிண்டல் செய்தவருக்கு ஒரு கேள்வி

தேக்கா மாமா: நேற்று சிவா இங்கே எழுதியது: "ஆபரேஷனுக்குப் பிறகு விரால் சூப் குடித்தால் புண் ஆறும் என்பதெல்லாம் பாட்டி கதை. புரதத்தை ஆக்கும் அமினோ அமிலங்களில் சாப்பாட்டிலிருந்து வர வேண்டியவை 9தான், மற்றதை உடம்பே செய்துகொள்ளும்." படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. 9 இல்லை தம்பி, 10. ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தை எங்கே விட்டீர்கள்? பத்தின் ஆங்கில முதலெழுத்துகளையும் சேர்த்து 'பிவிடி டிம் ஹால்' என்று நாங்கள் மனப்பாடம் செய்ததில் அந்த 'ஏ' எதற்கு?

செங்காங் சிவா: 9தான். குடல் சிட்ருலின் என்ற பொருளைச் செய்கிறது, சிறுநீரகம் அதை ஆர்ஜினினாக மாற்றுகிறது. பெரியவர்களுக்குச் சாதாரணமாக அதுவே போதும். உங்கள் 10 அமெரிக்காவில் ரோஸ் என்ற விஞ்ஞானி வளரும் எலிகளை வைத்துப் போட்ட கணக்கு. அதே ரோஸ் பிறகு கல்லூரி மாணவர்களை வைத்துச் சோதித்தபோது 8தான் வந்தது. ஒன்பதாவதான ஹிஸ்டிடின் அப்புறம் சேர்ந்தது. மாமா, நீங்கள் எலியா?

தேக்கா மாமா: 8 ஒன்பதாகலாம், 9 பத்தாகக் கூடாதா? வளரும் எலிக்கு வேண்டும், வளரும் குழந்தைக்கு வேண்டாமா? குறைமாதக் குழந்தைக்கு ஆர்ஜினின் போதாவிட்டால் ரத்தத்தில் அம்மோனியா ஏறும். போய்ப் படியுங்கள். 10.

ஈசூன் ராணி: நான் நர்ஸ். குறைமாதக் குழந்தை, பெரிய தீக்காயம், கடுமையான நோய் என்று வந்தால் உடம்பு செய்வது தேவைக்குப் பற்றாமல் போகலாம். ஆர்ஜினின் மட்டும் இல்லை. சிஸ்டைன், டைரோசின், குளுட்டமின், கிளைசின், புரோலின் எல்லாமே அந்த வரிசைதான். மெத்தியோனினை சிஸ்டைனாக மாற்றும் நொதி குறைமாதக் குழந்தைகளுக்குச் சரியாக வேலை செய்யாது. அதைப் பற்றி ஏன் யாரும் பேசவில்லை?

தேக்கா மாமா: தங்கச்சி, நான் சிஸ்டைனைப் பற்றிக் கேட்டேனா? ஆர்ஜினின்.

செங்காங் சிவா: அப்படியானால் 15 என்று சொல்லுங்களேன். ஏன் பத்திலேயே நிற்கிறீர்கள்? மனப்பாடம் அதோடு முடிந்துவிட்டதா?

ஜிம் பாய்: சண்டை வேண்டாம் லா. குளுட்டமின் பொடி என்னிடம் இருக்கிறது, தீக்காயத்துக்கே கொடுப்பார்களாம். வேண்டுபவர்கள் தனியாகச் செய்தி அனுப்புங்கள்.

ஈசூன் ராணி: விற்பதற்கு முன் படித்தீர்களா? தீக்காய நோயாளிகள் சுமார் 1,200 பேரிடம் சோதித்து 2022-ல் முடிவு வந்தது: குளுட்டமின் கொடுத்ததால் அவர்கள் சீக்கிரம் வீடு திரும்பவில்லை. அதற்கு முன் 2013-ல், பல உறுப்புகள் செயலிழந்த ஐசியூ நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் இறப்புதான் கூடியது. உடம்புக்குத் தேவை கூடுகிறது என்பதும், பொடியாகக் கொட்டினால் குணமாகும் என்பதும் ஒன்றல்ல.

தேக்கா மாமா: பார்த்தீர்களா, பொடி வேண்டாம், மீன்தான். நான் சொன்னதும் அதுதான்.

செங்காங் சிவா: நீங்கள் சொன்னது 10 என்று. அது கிடக்கட்டும், சந்தையில் நீங்கள் விரால் என்று வாங்குவது ஹாருவானா, அதே இனத்தில் வேறு மீனான தோமானா? பார்த்தால் தெரியுமா?

தேக்கா மாமா: நீ பிறப்பதற்கு முன்பே மீன் வெட்டியவன் நான்.



உட்லண்ட்ஸ் கவிதா: மன்னிக்கவும், அம்மாவுக்கு அடுத்த வாரம் முழங்கால் ஆபரேஷன். விரால் கொடுக்கலாமா?

ஈசூன் ராணி: கொடுங்கள். புரதம் நிறைய இருக்கிறது. ஆனால் தண்ணீர் மாதிரி சூப்பை மட்டும் ஊற்றிவிட்டு மீனை நீங்கள் சாப்பிட்டுவிடாதீர்கள், சதையும் அவர்களுக்குத்தான். முட்டை, பருப்பு, தயிரும் வேண்டும். சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் டயட்டீஷியனிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தேக்கா மாமா: கவிதா, தோமான் வாங்காதீர்கள், ஹாருவான் கேளுங்கள். ஆர்ஜினின் கிடைக்கும். சிவா, ஆபரேஷன் முடிந்த அந்த அம்மாவுக்கு 9 போதும் என்று இங்கேயே எழுதுங்கள் பார்ப்போம்.

செங்காங் சிவா: எழுதுகிறேன். 9.

தேக்கா மாமா: 10.