மறு: காரின் ‘ஏசி ஃபேன்’ – ஊதியா, துருத்தியா, ஊதுவிசிறியா?

அன்புள்ள குழு நண்பர்களுக்கு வணக்கம்.

காரின் ஏசி ஃபேனை வீட்டிலேயே மாற்றும் என் குறிப்புக்காக, அந்தப் பாகத்துக்கு ஒரு தமிழ்ச்சொல் கேட்டிருந்தேன். குழுவில் பல சொற்கள் வந்தன, மறுப்பும் வந்தது. குறிப்பைப் படித்துவிட்டுத் தென்காசித் தம்பி எழுதியது:

> ‘ஏசி ஃபேன்’ என்றே இருக்கட்டுமே. எல்லோருக்கும் புரிகிறது. புதுச்சொல் எதற்கு?

தம்பி, எல்லோருக்கும் புரிகிறது, ஆனால் ஆளுக்கு ஒன்றாகப் புரிகிறது. காரில் ஏசிக்காகச் சுற்றும் ஃபேன் இரண்டு. ஒன்று உள்ளே, நம் ஊர்க் கார்களில் பெரும்பாலும் இடப்பக்கம், குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கிறது. குளிர்ந்த காற்றை நம் முகத்துக்கு அனுப்புவது அதுதான். மெக்கானிக் அதைப் புளோயர் என்பார். இன்னொன்று வெளியே, பானட்டுக்குள், ஏசி வாயுவை ஆறவைக்கும் கன்டன்சரையும் என்ஜின் சூட்டை ஆற்றும் ரேடியேட்டரையும் ஒட்டி இருக்கிறது. சில கார்களில் அங்கே இரண்டு ஃபேன் இருக்கும், சிலவற்றில் ஒன்றே இரண்டு வேலையையும் பார்க்கும்.

இந்த இரண்டும் கெடும் விதம் வேறு. உள்ளே இருப்பது கெட்டால் காற்றே வராது, அல்லது கீச்சிட்டுக்கொண்டு மெலிதாக வரும். டேஷ்போர்டின் அடியில் ஒரு தட்டு தட்டினால் சுற்ற ஆரம்பித்து மறுபடி நின்றால், மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். வெளியே இருப்பது கெட்டால் காற்று நன்றாக வரும், குளிர்தான் இருக்காது. அதுவும் எப்போதும் இல்லை. நாங்குநேரி தாண்டி நான்குவழிச் சாலையில் ஓடும்போது வண்டிக்கு எதிரே வரும் காற்றே கன்டன்சரின் சூட்டை எடுத்துக்கொண்டு போய்விடும், ஏசி ஒழுங்காகக் குளிரும். வண்ணார்பேட்டை சிக்னலில் நின்றதும் சூடான காற்று வரும். இப்படி இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது வெளி ஃபேனைத்தான். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்துக்கொண்டு போனில் ‘ஏசி ஃபேன் போச்சு’ என்றால் கடைக்காரர் எதை எடுத்து வைப்பார்? வள்ளியூர் அண்ணாச்சியின் மடலைத் தம்பி மறுபடி படிக்க வேண்டும்:

> உள்ளே சத்தம் என்று சொல்லித்தான் கேட்டேன். வந்தது ரேடியேட்டர் பக்கத்து மோட்டார். பெட்டியைப் பிரித்துவிட்டதால் திருப்பி வாங்கவில்லை.

‘கன்டன்சர் ஃபேன்’ என்று துல்லியமாகச் சொன்னாலும் தப்பவில்லை. நம் ஊர் எலெக்ட்ரிக் கடையில் கண்டன்சர் என்றால், வீட்டு சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்றும்போது மாற்றும் சின்ன டப்பா. அது மின்னேற்றத்தைத் தேக்குகிற பொருள். கார் ஏசியின் கன்டன்சர், சூடான வாயுவை ஆறவைத்துத் திரவமாக்குகிற குழாய்க் கூடு. ‘ஃபேன் கண்டன்சர்’ ஒன்று, ‘கன்டன்சர் ஃபேன்’ இன்னொன்று. ஆகவே, வெறும் தமிழாசைக்காக நான் இதைக் கேட்கவில்லை. காசும் ஒரு நாள் வேலையும் வீணாகாமல் இருக்கவே கேட்கிறேன்.

இனி முன்மொழியப்பட்ட சொற்களுக்கு வருகிறேன்.

‘அணிற்கூண்டு விசிறி’ எனக்குச் சரியாகப் படவில்லை. ‘ஸ்குவிரல் கேஜ்’ என்ற ஆங்கிலப் பெயரை அப்படியே பெயர்த்தது அது. அணிலைக் கூண்டில் விட்டுச் சக்கரம் சுற்றவைக்கும் வழக்கம் நம்மிடம் இல்லாதபோது, அந்தப் பெயரைக் கேட்பவருக்கு உருவம் மனதில் வராது.

‘காற்றாடி’ எனக்கும் மிகப் பிடித்த சொல். நெல்லைச் சீமையில் ஃபேனைக் காத்தாடி என்று சொல்லி வளர்ந்தவர்கள்தான் நம்மில் பாதிப் பேர். ஆனால் சென்னைக்காரருக்கு அது நூலில் பறப்பது. பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலையையும் பேச்சில் காத்தாடி என்றே சொல்கிறார்கள். அவ்வளவு சுமையோடு இருக்கும் சொல்லில் இன்னொன்றை ஏற்ற வேண்டாம்.

‘துருத்தி’ பற்றி அம்பை டீச்சர் விரிவாக எழுதியிருந்தார்கள். கொல்லன் உலைக்குக் காற்று ஊதிய கருவி, பழைய சொல், தொழிலிலிருந்து வந்த சொல். எனக்கும் ஆசைதான். இரண்டு காரணங்களால் தயங்குகிறேன். துருத்தி விரிந்து சுருங்கி ஊதுவது, இது சுற்றி ஊதுவது. அதைவிட முக்கியம், காரிலேயே மடிப்பு மடிப்பாக விரிந்து சுருங்கும் ரப்பர் உறைகள் ஸ்டீயரிங் பகுதியில் இருக்கின்றன. துருத்தி என்ற பெயர் நியாயமாக அவற்றுக்குப் போக வேண்டியது. அதை இங்கே செலவழித்துவிட்டால் நாளைக்கு அங்கே என்ன செய்வோம்?

‘ஊதி’ சுருக்கமானது. ஆனால் செய்முறைக் குறிப்பில் ‘ஊதி சுத்தம் செய்யவும்’ என்று எழுதினால், வாயால் ஊதச் சொல்கிறேனா, அந்தப் பாகத்தைச் சுத்தம் செய்யச் சொல்கிறேனா? வினையெச்சமும் பெயரும் ஒன்றாக இருப்பது அகராதியில் தொல்லையில்லை, குறிப்பில் தொல்லை.

எஞ்சுவது ‘ஊதுவிசிறி’. இதற்கு வந்த ஒரே வலுவான மறுப்பு, இது விசிறியே அல்ல என்பது. வீட்டு ஃபேன் காற்றை அச்சின் திசையிலேயே தள்ளுகிறது. இதுவோ நடுவிலே காற்றை இழுத்து, விளிம்பில் வரிசையாக நிற்கும் தகடுகளால் பக்கவாட்டில் எறிகிறது. சமையலறைப் புகைப்போக்கிகள் பலவற்றிலும் இதே உருளைதான். மறுப்புக்கு டீச்சரே பதில் சொல்லிவிட்டார்கள்: விசிறு என்றால் எறி, சிதறு. விதையை விசிறுகிறோம், தண்ணீரை விசிறி அடிக்கிறோம். அப்படிப் பார்த்தால் சுற்றும் விசையால் காற்றை வெளியே எறிகிற இந்த உருளைக்குத்தான் விசிறி என்ற பெயர் இன்னும் பொருந்துகிறது. முன்னால் நிற்கும் ‘ஊது’வும் வீணில்லை. மார்கழியில் ஊதக்காத்து என்கிறோமே, அதன் மூத்த வடிவமான ஊதை பழம்பாட்டுகளிலேயே குளிர்காற்றுக்குப் பெயர்.

வெளியே இருப்பதற்கு ‘முன்விசிறி’ போதும். ‘இழுவிசிறி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். கன்டன்சருக்குப் பின்னால் பொருத்தினால் அது காற்றை இழுக்கும், முன்னால் பொருத்தினால் தள்ளும். இரண்டு அமைப்பும் உண்டு என்பதால் திசையை வைத்துப் பெயரிட முடியாது. ‘ஆற்றுவிசிறி’யும் அழகுதான், ஆனால் தாமிரபரணிக் கரையில் அதை ஆறு என்றுதான் முதலில் படிப்பார்கள்.

சொல் நல்லதா என்பதை வாக்கியத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். குறிப்பின் நடுப்பகுதியை இப்படி மாற்றி எழுதிப் பார்த்தேன்:

“பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றவும். இடப்பக்கம் ஏர்பேக் உள்ள வண்டியானால் சில நிமிடங்கள் பொறுக்கவும். குளோவ் பாக்ஸின் இரு பக்கச் சுவர்களையும் உள்நோக்கி அழுத்தினால் பெட்டி கீழே இறங்கும். ஊதுவிசிறியின் வயர் கனெக்டரைப் பிடித்து இழுக்கவும், வயரைப் பிடித்து இழுக்க வேண்டாம். ஊதுவிசிறியைத் தாங்கும் திருகுகள் பெரும்பாலும் மூன்று. ஒரு கையால் மோட்டாரைத் தாங்கிக்கொண்டு கடைசித் திருகை எடுக்கவும். கூட்டுக்குள் இருக்கும் இலை, தூசியை அகற்றவும். புதிய ஊதுவிசிறியின் தகடுகளில் சின்ன உலோகக் கிளிப் இருந்தால் பிடுங்கக் கூடாது, அது சமநிலைக்காக வைத்தது. பொருத்தியபின் கையால் சுற்றி எங்கும் உரசவில்லை என்று பார்த்துவிட்டு மூடவும். இந்த வேலையில் ஏசி வாயு செல்லும் குழாய் எதையும் தொட வேண்டியதில்லை. முன்விசிறியைத் தொடுவதானால் எச்சரிக்கை: சாவியை எடுத்த பிறகும் சில வண்டிகளில் அது தானாகச் சுற்றும்.”

எனக்கு எங்கும் தடுக்கவில்லை. ‘மோட்டார்’, ‘கனெக்டர்’ இரண்டையும் அப்படியே விட்டிருக்கிறேன். குழப்பம் இல்லாத இடத்தில் சொல்லை மாற்றி வாசகரைச் சிரமப்படுத்த எனக்கு மனம் இல்லை.

இதெல்லாம் பல்கலைக்கழகத்தார் வேலை என்று ஒருவர் எழுதியிருந்தார். 1930களில் இ. மு. சுப்பிரமணிய பிள்ளை முன்னின்று நடத்திய சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் நெல்லையிலிருந்துதான் இயங்கியது. துறை துறையாகக் கலைச்சொற்களைத் தொகுத்து 1938இல் வெளியிட்டது. இந்த ஊரில் உட்கார்ந்து அதைச் செய்தவர்கள் இருக்கும்போது, நம் கையில் கழன்று கிடக்கும் ஒரு பாகத்துக்கு நாம் பெயர் வைக்க யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

தீராத ஒன்று இருக்கிறது. மின்சாரத்தைத் தடுத்து ஊதுவிசிறியின் வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர். ஃபேன் உச்ச வேகத்தில் மட்டும் ஓடி மற்ற வேகங்களில் நின்றுவிட்டால் கெட்டது பெரும்பாலும் அதுதான், மோட்டாரை மாற்றத் தேவையே இல்லை. உச்ச வேகத்தில் மின்சாரம் அதன் வழியாகப் போவதில்லை என்பதால் அந்த ஒரு வேகம் மட்டும் பிழைத்திருக்கும். ஊதப்படும் காற்றுதான் அதைக் குளிரவைக்கிறது. திசையன்விளை, சாத்தான்குளம் பக்கம் தேரிச் செம்மண் தூசியில் ஓடும் வண்டிகளில், உள்ளே வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டர் அடைத்துக் காற்று குறைந்தால் அது சூடாகி எரியும். ஃபில்டரையும், மோட்டார் இறுக்கமில்லாமல் சுற்றுகிறதா என்பதையும் பார்க்காமல் ரெசிஸ்டரை மட்டும் மாற்றினால் புதியதும் எரியும். இவ்வளவு முக்கியமான பாகத்துக்கு ‘வேகத்தடை’ என்ற பெயர் வந்திருக்கிறது. அது ஏற்கெனவே சாலையில் கிடக்கிறது, வேண்டாம். ‘படித்தடையம்’ என்று நான் முன்வைக்கிறேன்: வேகத்தைப் படிப்படியாகக் குறைக்கும் தடையம், அதாவது ரெசிஸ்டர். தானியங்கி ஏசி வண்டிகளில் படிகள் கிடையாது, அங்கே மின்னணுக் கட்டுப்பாடு. அதற்கு இந்தப் பெயர் பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வள்ளியூர் அண்ணாச்சி, உங்கள் ஒர்க்ஷாப் பையன்களிடம் ஊதுவிசிறி, முன்விசிறி இரண்டையும் சொல்லிப் பாருங்கள். விளக்கம் சொல்லாமல் எந்தப் பாகத்தைக் கை காட்டுகிறார்கள் என்று எழுதுங்கள். டீச்சர், படித்தடையத்தில் புணர்ச்சி சரிதானா என்று நீங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். பதில்கள் வந்ததும் குறிப்பைத் திருத்திக் குழுவுக்கு அனுப்புகிறேன்.

அன்புடன்,
பாளையங்கோட்டையிலிருந்து